நீ தாண்டிப் போன வரி

செவ்வாய், காலை

என் அன்புள்ள ஸ்டோர்கீப்பர் அம்மாவுக்கு,

உன் பம்ப்காரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீ அங்கே நலமா என்று வழக்கப்படி கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பார். யாரைப் பிடித்து எழுத வைத்தேன் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. யாரும் இல்லை. எழுபத்தொரு வயதில், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நானேதான் எழுதுகிறேன். பதினாலு மாதமாக மூட்டு வலிக்கு நடக்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பினேனே, நூலகத்தின் மாடி வரைக்கும்தான் நடந்தேன். அங்கே என்னைப் போன்ற பெரிய பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள், தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும். என் பெஞ்சில் என்னோடு உட்காருபவர் நம் தெருமுனை முடிதிருத்துபவர். 'ழ' எழுதச் சொன்னால் காதுக்குப் பின்னால் கத்தரி போடுவது மாதிரி கையை வளைப்பார். ஒருநாள் நான் வீட்டுக்கு வந்ததும், "நடந்ததுல மூஞ்சியே தெளிஞ்சிருக்கு, விட்டுடாதீங்க" என்று நீ சொன்னாய். அன்றைக்குத்தான் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி முடித்திருந்தேன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. உன் பிறந்தநாளுக்கு ஒரு கடிதமாகக் கையில் கொடுத்து அசத்தலாம் என்று அடக்கிக்கொண்டேன். அதற்குள் மகளுக்குப் பிரசவம் என்று நீ பெட்டியைக் கட்டிவிட்டாய்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன். நாற்பத்திநாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுத்துப் படித்ததில் இவ்வளவு பெரிய லாபம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுச் சேதி: குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். செடிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, ஒன்றைத் தவிர. எது என்று வந்து பார்த்துக்கொள்.

விரல் மரத்துவிட்டது. மீதி நாளைக்கு.

புதன்

நேற்று எழுதியதை இன்று படித்துப் பார்த்தேன். நான் எழுதியதை நானே படிக்கிறேன்! இரண்டு தடவை படித்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் இதய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "அம்மா ரெண்டு தடவை தேதி கொடுத்தும் வரலையே, போனும் எடுக்க மாட்டேங்கறாங்க. உங்க நம்பரையும் எழுதியிருக்காங்க, அதான் கூப்பிட்டேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் இதயத்தைப் படம் எடுத்துவிட்டு வந்து, "அறுபத்திநாலு, பாஸ். நம்ம மக கணக்குல வாங்கினதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாயே. பாஸான பிள்ளையை ஏன் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

பீரோவைத் திறந்து உன் பச்சை ஃபைலை எடுத்தேன். இத்தனை வருஷம் அதை நான் தூக்கிக்கொண்டு வருவேன், நீ படிப்பாய். சுமப்பது என் வேலை, படிப்பது உன் வேலை. முதல் தடவையாக அதை நானே மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

மூன்று ரிப்போர்ட் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் வட்டமாக ஒரு வண்ணப்படம். அது என்ன என்று அன்றைக்கே உன்னைக் கேட்டேன். "அது ஆஸ்பத்திரி முத்திரைங்க" என்றாய். நானும் நம்பினேன். இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வட்டம் நல்ல சிவப்பு. இரண்டாவதில் ஒரு பக்கம் கொஞ்சம் வெளுப்பு. மூன்றாவதில் பாதி வட்டம் துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி இருந்தது. முத்திரைக்கு எங்காவது சாயம் போகுமா, அம்மா?

அறுபத்தைந்து, அறுபத்திநாலு, அறுபத்திநாலு. அந்த வரியை நீ சரியாகத்தான் படித்துக் காட்டினாய். அதற்கு அடுத்த வரி ஒன்று இருந்தது. மூன்று தாளிலும் இருந்தது. மூன்றிலும் நீ அதைத் தாண்டிப் போயிருக்கிறாய்.

'ஸ்ட்ரெய்ன்' என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு, மூட்டு வலியோடு மாடிப்படி ஏறுவது போல, படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். பக்கத்தில் எண். எண்தான் எனக்கு அந்தக் காலத்திலிருந்தே பழக்கமாயிற்றே. மைனஸ் இருபத்தொன்று. மைனஸ் பத்தொன்பது. மைனஸ் பதினாறு.

மகளுக்குப் போன் போட்டு, அம்மாவின் ஸ்ட்ரெய்ன் நம்பர் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாரோ படித்துச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "அதுவாப்பா, இருபத்தொண்ணுல இருந்து பதினாறா குறைஞ்சிருக்குன்னு அம்மாவே சொன்னாங்களே, நல்லதுதானே?" என்றாள். சர்க்கரை குறைவது மாதிரி, ரத்தக் கொதிப்பு குறைவது மாதிரி அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். நம் தண்ணீர் நிலையத்து ஸ்டோரில் பூட்டிய பொருளுக்கு ஒரு சாவிதான், அது உன் இடுப்பில்தான் என்று அந்த நாளிலேயே சொல்வார்கள்.

வியாழன்

நேற்று எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. இன்று இல்லை. நானும்தானே நடக்கப் போகிறேன் என்று பதினாலு மாதம் புளுகினேன். சரிக்குச் சரி.

ஃபைலை அக்குளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸின் நெற்றியைப் படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு கிழவர் 'இது எங்க போகும்?' என்று என்னைக் கேட்டார். நான் அண்ணாந்து பார்த்துப் படித்துச் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த மிதப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

படம் எடுக்கும் பெண்ணை உனக்குத் தெரியும், கண்ணாடி போட்டவள், வேகமாகப் பேசுவாள். வரிசையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என்னை உட்கார வைத்து உன் இதயத்தைத் திரையில் காட்டினாள். கறுப்பும் சாம்பலுமாக, ஈர மணலில் வெயில் பட்டது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னின. மெஷின் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துடிப்பிலும் அவை எவ்வளவு நெருங்குகின்றன என்று பின்னாலேயே போய் அளக்குமாம். நூறு பங்கு நீளமுள்ள தசை சுருங்கும்போது இருபது பங்கு போலக் குறைய வேண்டுமாம். நீளம் குறைவதால்தான் மைனஸ். நீ முத்திரை என்ற அந்த வட்டம் இதயத் தசையின் வரைபடமாம், நன்றாகச் சுருங்கும் இடம் சிவப்பு, ஓய்ந்த இடம் வெளுப்பு. "உங்க வீட்டம்மாவுக்கு மூணு தடவையும் இதே மெஷின்ல நான்தான் எடுத்தேன், அதனால தைரியமா ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றாள். பிறகு மைனஸ் என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தொடங்கினாள். நான் சிரித்துவிட்டேன். உறிஞ்சு குழாயில் மாட்டிய வேக்குவம் மீட்டரை முப்பத்தாறு வருஷம் பார்த்தவன் நான். மைனஸ் சிறுத்துக்கொண்டே வந்தால் பம்ப் களைத்துப்போகிறது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டாக்டர் எனக்காகக் கால் மணி நேரம் ஒதுக்கினார். அந்த அறுபத்திநாலு பொய்யா என்று கேட்டேன். "பொய் இல்லைங்க. ஒவ்வொரு துடிப்புலயும் உள்ள இருக்கற ரத்தத்துல அறுபத்திநாலு பங்கை இதயம் வெளியே தள்ளுது. ஆனா எந்தப் பக்கம் தள்ளுதுங்கறதை அந்த நம்பர் சொல்லாது" என்றார். உன் இதயத்து வால்வு ஒன்று சரியாக மூடாமல் ஒழுகுகிறது. அதனால் ஒரு பங்கு முன்னால் போகிறது, ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகிறது. திரும்பிப் போகிற பக்கம் எதிர்ப்பு கிடையாது, தள்ளுவது லேசு. ஆகவே கணக்குக்கு இதயம் பிரமாதமாக வேலை செய்வது போலத் தெரியும். உள்ளே தசை இரண்டு பேர் வேலையைச் செய்து ஓய்ந்துகொண்டிருக்கும். அந்த ஓய்ச்சலை முதலில் காட்டிக்கொடுப்பது நீ தாண்டிப் போன வரிதான்.

பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

மூன்றாம் நம்பர் பம்ப் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் கல்யாணத்துக்கு மறு வருஷம். நான்-ரிட்டர்ன் வால்வின் தட்டு தேய்ந்து, தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. மற்றப் பம்புகள் முக்கி முனகும், அது மட்டும் அலுங்காமல் ஓடும். தினமும் பதிவேட்டில் 'நன்று' என்று எழுதுவார்கள். நான் ஒவ்வொரு காலையும் அதன் மேல் கை வைப்பேன். உள்ளே ஒரு சிறு நடுக்கம், பூனை உறுமுவது போல. சூப்பர்வைசரிடம் ஒரு தடவை சொன்னேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. தாளில் 'நன்று' என்று இருக்கும்போது என் கைக்கு என்ன மதிப்பு என்று வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு காலையில் தண்டு முறிந்தது. ஊருக்கே இரண்டு நாள் தண்ணீர் இல்லை. உன் ஸ்டோருக்கு நான் ஓடி வந்து, உடைந்த துண்டைக் காட்டி, 'இதே மாதிரி' என்று கேட்டேன். "இது வராதுங்க. இதைச் செய்யற கம்பெனியே இப்ப இல்ல" என்றாய்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு வருஷமாக நீ தூங்கும்போது உன் முதுகில் என் கை படும். அந்த நடுக்கம் உன்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியும். அறுபத்திநாலு, பாஸ் என்று நீ படித்துக் காட்டினாய், நான் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று இவ்வளவுதான்.

வெள்ளி

மூச்சு வாங்கவில்லை, படபடப்பு இல்லை என்று டாக்டரிடம் நீ சொல்லியிருக்கிறாய். ஃபைலில் எழுதியிருக்கிறது. அதையும் படித்தேன். நேற்று ராத்திரி வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். மொட்டை மாடியில் இருந்த துணிக்கொடியைப் பின்வாசலுக்கு மாற்றச் சொன்னாய். என் மூட்டுக்காக என்றாய், நானும் உருகிப்போனேன். ஆனால் துணி காயப் போட்டது எந்நாளும் நீதானே, நானா? சந்தைக்குப் போகையில் பாதி வழியில் செருப்பு வார் சரியில்லை என்று குனிவாய். அந்தச் செருப்பு இங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரையும் இழுத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கின்றன. படியேறும்போது பாடுவாய், அதை எப்போது நிறுத்தினாய் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மூச்சு வாங்கும் வேலையை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மூச்சு வாங்கவில்லை என்றால் எப்படி? வால்வைப் பாதி மூடிவிட்டு மோட்டார் சூடாகவில்லை என்று சொல்வது மாதிரி.

மூன்றாவது ரிப்போர்ட்டின் பின்பக்கம் பென்சிலில் நீ எழுதி வைத்திருந்ததையும் பார்த்தேன். டாக்டரிடம் கேட்பதற்கான கேள்விகள். 'எத்தனை நாள் ஆஸ்பத்திரி? வீட்டில் எத்தனை வாரம்? அதுவரை இவருக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது? தபால் வந்தால்? தனியாக பஸ் ஏறத் தெரியாது.' கடைசியாக, கொஞ்சம் தள்ளி, 'நான் எழுந்திருக்காவிட்டால் யார் படித்துக் காட்டுவார்கள்?'

அந்த வரியை நான் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். மெதுவாகப் படித்ததால் நீண்ட நேரம் ஆயிற்று.

பதில் சொல்கிறேன், வரிசையாகக் கேள். மாத்திரை அட்டைகளில் காலைக்குச் சிவப்பு நூலும் ராத்திரிக்கு நீல நூலும் எனக்காகச் சுற்றி வைத்திருந்தாய். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். பெயரைப் படித்தே போடுகிறேன். நர்ஸிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்தும் கொண்டேன். தபாலை நானே பிரிக்கிறேன், பாதிக்கு மேல் குப்பை. இத்தனை வருஷம் அதையெல்லாம் நீ எப்படிப் பொறுமையாகப் படித்தாயோ! பஸ் விஷயம்தான் மேலேயே எழுதிவிட்டேன். கடைசிக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம்.

எழுத்துப் படிக்காதவனாக இருந்திருந்தால் உன்னை இப்படி வற்புறுத்த எனக்கு வாய் இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். அந்த ஒரு நம்பரை வைத்து மட்டும் அவர் கத்தி எடுக்க மாட்டார். முதலில் உன்னை ட்ரெட்மில்லில் நடக்க வைத்து மூச்சைப் பார்ப்பார்கள். பிறகு படம் திரும்ப எடுப்பார்கள். இதயம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று அளப்பார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால் ஆபரேஷன். உன் வால்வை மாற்ற வேண்டியிருக்காது, தைத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவர் நம்புகிறார். மாற்றுவதைவிடப் பழுது பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். "பயமே இல்லையா?" என்று கேட்டேன். "ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வால்வை அடைச்ச பிறகு இதயம் மொத்த வேலையையும் முன்பக்கமாவே செய்யணும். தசை தெம்பா இருக்கறப்பவே செஞ்சா தாங்கும். ஓய்ஞ்ச பிறகு செஞ்சா, வால்வு நல்லாருக்கும், இதயம் நல்லாருக்காது" என்றார். தண்டு முறிந்த பிறகு வால்வுக்குப் புதுத் தட்டுப் போட்டு என்ன பயன்?

வருகிற மாதம் ஆறாம் தேதி, திங்கள், காலை ஒன்பதரைக்குத் தேதி வாங்கிவிட்டேன். சீட்டில் உன் பெயரை நான்தான் எழுதினேன். அழகாக வந்திருக்கிறது, உன் கையில் கொடுக்கிறேன்.

குழந்தை, குழந்தை என்பாய். நம் கூடத்தில் தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, அதில் என் மொத்த எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டேன். மாடி வீட்டு டெய்லரம்மா அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து, "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்று அலறிவிட்டார். மகளும் குழந்தையும் உன்னோடு இங்கே வரட்டும். மகள் உன்னைப் பார்த்துக்கொள்ள, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போல அந்தக் குட்டிக்கும் இன்னும் பல் விஷயத்தில் தகராறுதான், ஒத்துப்போவோம்.

இந்தக் கடிதம் உனக்குத் திங்கட்கிழமைக்குள் வந்துவிடும். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் மகளுக்குப் போன் செய்வேன். அதற்குள் மைனஸ் பதினாறு என்றால் என்ன என்று நீயே அவளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்று ரிப்போர்ட்டையும் மேலிருந்து கீழ்வரை நான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் எந்த வரியையும் தாண்ட மாட்டேன்.

ஆறாம் தேதிச் சோதனைகளுக்காக, துணைக்கு வருபவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றை ஆஸ்பத்திரியில் தந்தார்கள். வழக்கப்படி நர்ஸ் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டுப் பேனா கேட்டேன். மூன்று பக்கம். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், நிற்கட்டும் என்று விட்டேன். அதில் நல்லதும் எழுதியிருந்தது, நல்லதல்லாததும் எழுதியிருந்தது. எல்லாவற்றையும் படித்த பிறகே என் பெயரை எழுதினேன். அதற்கு மேலே உன் இடம் காலியாக இருக்கிறது. அதை நான் நிரப்ப முடியாது. நிரப்ப முடிந்தால் நிரப்பியிருப்பேன்.

நாற்பத்திநாலு வருஷம் உலகத்தை எனக்குப் படித்துக் காட்டினாய். பயமுறுத்துகிற வரிகளைத் தாண்டி, எனக்கு எது நல்லதோ அதை மட்டும் படித்தாய். நன்றாகத்தான் இருந்தது. இனி வேண்டாம். ஆறாம் தேதி டாக்டர் எதிரில் தாளை என் கையில் கொடு. நான் படிக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. குட்டிப்பெண்ணுக்குத் தாத்தாவின் முத்தம். உனக்கு, என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள் என்று சொல்வதெல்லாம் எனக்கு வராது. இருக்கிற ஆயுளை இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து செலவு செய்வோம்.

முதலில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நீ நலமா? பதிலை எழுதியே அனுப்பு. எதையும் தாண்டாமல் எழுது. நான் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் பம்ப்காரன்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)